டிராகனிடம் நீ கேட்ட கேள்வி

என் அருமைத் திருடிக்கு,

நான் கதை சொல்ல, நீங்களெல்லாம் ஆளுக்கொரு வேஷத்தில் ஆடும் சனிக்கிழமை ஆட்டத்தை இனி நீதான் நடத்த வேண்டும். பகடையும் வரைபடமும் அலமாரியில் இருக்கின்றன.

"எனக்குக் கதை சொல்ல வராதுங்க" என்று ஆரம்பிக்காதே. ஆள் குறைகிறது என்று நான் கெஞ்சியதால்தான் திருடி வேஷம் கட்டினாய். நான் மாதக்கணக்கில் திட்டம் போட்ட சண்டையில், குகையை விட்டு வந்த டிராகனைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாயே! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த டிராகனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது அழுதது. என் குரலில்தான் அழுதது. ஆட்டத்துக்கு உயிர் வந்ததே அன்றைக்குத்தான்.

அதனால் யார் என்ன செய்கிறேன் என்றாலும் 'முடியாது' என்று மட்டும் சொல்லாதே. பகடையை உருட்டச் சொல், பார்த்துக்கொள்ளலாம். பூதத்துக்குக் குரல் மாற்றிப் பேச வெட்கப்படாதே. தொண்டை கட்டினால் வெந்நீர் குடி.

காலையில் தொண்டையில் ஆபரேஷன். மற்றதையெல்லாம் டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார். வராந்தாவில் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய். அதற்கும் நன்றி. இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டதற்கும்.

எனக்கும் ஒரு வேஷம் ஒதுக்கி வை. வாய் பேசாத ஆள் யாராவது.

நான் கண் விழித்ததும், டிராகனிடம் கேட்டதையே என்னிடமும் கேள். தலையாட்டுகிறேன்.

உன் டிராகன்