டப்பாவில் வந்த மலை

முருகன் துணை

பல்லடம்,
12.5.1951

சௌபாக்கியவதி தங்கை தெய்வாத்தாளுக்கு அக்கா பழனாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உன் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கிறது.

ஆத்தா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். “எம் பொண்ணு எரிமலைக்குப் பக்கத்துல குடியிருக்கறாளுங்க” என்று ஒரே பெருமை. பக்கத்து ஊரில் வாக்கப்பட்டு, சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிற என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உன் வீட்டுக்காரருக்கு ஜாவாவில் கரும்பாலை வேலை கிடைத்தபோது, கண் காணாத இடத்துக்குப் போகிறாயே என்று நான்தான் அதிகமாக அழுதேன். அத்தனை கண்ணீரும் தண்டம்.

பூமிக்கு அடியில் கல்லே உருகிக் கூழாகிக் கிடக்கும், வெடிப்பு கிடைத்த இடத்தில் பொங்கி மேலே வரும், கக்கிய கல்லும் சாம்பலும் சுற்றிலும் குவிந்து மலையாகும் என்று எழுதியிருந்தாய். சரி. அந்தச் சாம்பல் நாளாவட்டத்தில் மண்ணாகி, எருவே இல்லாமல் உங்கள் கரும்பு இரண்டாள் உயரத்துக்கு நிற்கிறது என்றும் எழுதினாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறைப்பானேன், பொறாமைதான்.

அதைவிட வயிற்றெரிச்சல் அந்த ஏரி. கெலுட் மலையின் வாயில் மழைத்தண்ணீர் தேங்கி ஏரியாகிறதாம். மலை குமுறினால் அது கொதிக்கும் சேறாக ஊர்மேல் இறங்கும் என்று, சுரங்கம் வெட்டி வடித்துவிடுகிறார்களாம். தண்ணீரை வேண்டாமென்று வடிக்கிற ஊரும் உலகத்தில் உண்டா? இங்கே நம் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிற பொங்கியண்ணன், “இன்னும் ரெண்டே வெடிதானுங்க அம்மணி, தண்ணி பொத்துக்கும்” என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் மலை வெடித்தால் மண் கொழுக்கிறது. எங்கள் கிணற்றில் வெடித்தால் கூரை ஓடுதான் உடைகிறது.

அந்தச் சாம்பலில் எனக்கும் கொஞ்சம் அனுப்பு. என் பீர்க்கங்கொடிக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீ அளப்பது நிஜமா என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு, உன் நன்மையையும் அதில் பாதியை எனக்கும் விரும்பும்
அக்கா பழனாத்தாள்

முருகன் துணை

பல்லடம்,
20.10.1951

தங்கை தெய்வாத்தாளுக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா?

ஆகஸ்டு கடைசியில் உங்கள் மலை வெடித்ததாகப் பேப்பரில் நான்கு வரி போட்டிருந்தார்கள். சாம்பல் மழை, சேறு, உயிர்ச்சேதம் என்று இருந்தது. எந்த ஊர், யார் யார் என்று இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. சேதி கேட்டதிலிருந்து ஆத்தா என்னோடுதான் இருக்கிறாள்.

போன மாதம் கப்பல் தபாலில் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. நான் தோட்டத்தில் இருந்தேன். ஆத்தா திறந்துவிட்டாள். உள்ளே சாம்பல். அவள் தலையிலடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது. “கொடுமுடிக்குக் கொண்டு போயி ஆத்துல கரைச்சுப்போட்டு வந்தர்லாம் கண்ணு, எம்புள்ளைய இப்படி டப்பாவுல வெச்சிருக்க முடியாது” என்றாள். என் வீட்டுக்காரரும் வண்டி பூட்டப் போய்விட்டார்.

சாம்பலுக்கு அடியில் உன் சீட்டு இருந்தது. ‘அக்கா, மலையில் உன் பங்கு இது. கொடிக்குப் போடு, அப்புறம் பேசு’ என்று ஜூலையில் எழுதியிருக்கிறாய். எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். “அது அவ நல்லா இருக்கையில எழுதினது” என்று ஆத்தா டப்பாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி, அத்தனையையும் கொடிக்கு அடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். எருவென்று நீ அனுப்பியதை ஆற்றில் கரைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கொடி பந்தலைத் தாண்டிக் கூரைக்கு ஏறிவிட்டது. என் எருவுக்கு ஒரு நாளும் இத்தனை காய் வந்ததில்லை. மழையால்தான் என்கிறார் இவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆத்தா அதில் ஒரு காயைக்கூட வாயில் வைக்கவில்லை. நீ எழுதினால்தான் சாப்பிடுவாள்.

அதனால் நன்றாக அளந்து விடு, தாயி. உன் கரும்பு, உன் ஏரி, வெடித்த பிறகு உங்கள் மண் இன்னும் கொழுத்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுது. எனக்குச் சோறு இறங்காமல் போகட்டும். பொறாமைப்பட உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தீர்க்க சுமங்கலியாக இரு.

அக்கா