அண்ணன் மாட்டிய பூட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ ரெண்டு கையும் ரெண்டு காலுமாக இருக்கிறாயா, எனக்கு அதை முதலில் சொல், மற்ற நலமெல்லாம் அப்புறம். இங்கே அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறாள், நானும் வேலைக்குப் போய்வருகிறேன், அதை நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் எதைச் சொன்னாலும் நீ சரிப்பா சரிப்பா என்பாய், அந்தச் சரிப்பாவுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், உன் வயசில் நானும் அப்படித்தான் சொன்னேன், உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம் என்பதை மறந்துவிடாதே.

சித்தப்பாவுக்கு வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே இல்லை. உனக்குச் சொல்லவேண்டாம், தனியாக இருக்கிற பிள்ளை பயந்துவிடும் என்று அம்மா இவ்வளவு நாள் என் வாயை அடைத்து வைத்திருந்தாள். பயப்படட்டும், பயந்தால்தான் நல்லது என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நீயும் மெஷின் வேலை பார்க்கிறவள், உனக்குப் புரியும். சோப்புக் கலவை மெஷினில் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி அதில் என் பூட்டை மாட்டினேன், பெல்ட்டை மாற்றினேன், வெளியே வந்தேன். உன் சித்தப்பா பக்கத்து வரிசையில் வேலையாக இருந்தவன், உள்ளே கலக்குகிற கத்தியில் ஒரு போல்ட் ஆடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டிருக்கிறான். சுவிட்சில் என் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான். நான் முன்பக்கம் பார்த்தேன், குரல் கொடுத்தேன், பம்பு சத்தத்தில் அது எங்கே கேட்கும். சுவிட்சில் என் பூட்டைத் தவிர வேறு பூட்டு இல்லை. உள்ளே கை விடுகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைத் தானே மாட்டவேண்டும், பூட்டு இல்லையென்றால் ஆள் இல்லை, அதுதானே எங்கள் கணக்கு. என் பூட்டை எடுத்தேன், பொத்தானை அமுக்கினேன். அமுக்கியது நான்தான் பாப்பா.

யார் இப்படிச் செய்திருந்தாலும் நம்பியிருப்பேன், அவன் செய்தான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவனே அவன்தான். பல்லு விளக்குற பிரஷ்ஷ அடுத்தவனுக்குக் குடுப்பியாடா, அப்ப பூட்டு மட்டும் எப்படிடா பொதுவாகும் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பான், உனக்கும் சொல்லியிருக்கிறான். அவனைவிடப் பூட்டை நம்பியவன் அந்த ஆலையில் கிடையாது. அப்புறம் ஏன்டா மாட்டல என்று ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டே விட்டேன், கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அண்ணன் பூட்டு தொங்கும்போது பக்கத்துல என் பூட்டையும் தொங்கவிட்டா உன்ன நம்பலன்னு ஆயிடாதா என்றான். சொல்லிவிட்டு, நீ சாப்பிட்டியா என்று கேட்டான்.

அவன் சோம்பேறித்தனத்தால் விடவில்லை. அவனிடம் ரெண்டு நல்ல குணம் இருந்தது, ஒன்று பத்திரம், இன்னொன்று அண்ணன் மேல் மரியாதை. ரெண்டும் ஒரே சமயம் ஒரே சுவிட்சுக்கு வந்தபோது மரியாதை ஜெயித்துவிட்டது. யாரைக் கேட்டாலும் பத்திரம்தான் முக்கியம் என்பார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் மனசில் ஓடுவது கைக்கு வந்து சேரவில்லையென்றால் எனக்கு அது மின்சாரமே இல்லை, அறுந்த ஒயர்.

இன்னொரு கூத்தையும் கேள். அவனை வாத்தியாரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், அவன் எப்பவுமே கொஞ்சம் அலட்சியம்தான் என்று கேன்டீனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் தங்கள் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டி வருமே. மேனேஜர் கூப்பிட்டு, நீங்க விதிப்படிதான் செஞ்சீங்க, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றார். ஒருநாள் எனக்கே தோன்றியது, ஆமாம், தப்பு அவன்மேல்தானே என்று. அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. கை கழுவும்போது புரிந்தது, சாப்பாடு இறங்குவதற்காகத் தம்பியையே மட்டமாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று. அப்படியே வாந்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

இப்போது உன் விஷயம். சித்தப்பாவுக்கு இது நடப்பதற்கு முன்னால் பேசும்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் பூட்டை எடுத்தாலே டீச்சரம்மா வந்துட்டாங்கன்னு கிண்டல் பண்றாங்கப்பா, ஃபோர்மேன் அண்ணன் ஒரு பூட்டு மாட்டினா அது எல்லாருக்கும் சேர்த்துத்தானாம், நானும் விட்டுட்டேன் என்று. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. உன் ஃபோர்மேன் தங்கமான மனுஷராகவே இருக்கட்டும், நான் உன் சித்தப்பாவுக்குக் கெட்ட அண்ணனா? நல்ல ஆளின் கைதான் பூட்டை எடுத்தது. நீ தனியாள், அவர்கள் கூட்டம், கூடச் சாப்பிட்டுக் கூடச் சிரிக்கவேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். டீச்சர் என்றால் ஆமாம் டீச்சர்தான் என்று சொல்லிவிட்டு மாட்டு. அவமானமாக இருந்தால் அவமானத்தோடேயே மாட்டு. நான் உன்னை எதற்கும் கெஞ்சியதில்லை, கத்தித்தான் வளர்த்தேன், இப்போது கெஞ்சுகிறேன். நம்பிக்கை இருக்குப்பா என்று மட்டும் எழுதிவிடாதே. அது அவனுக்கும் இருந்தது.

இதோடு வருகிற பார்சலில் ஒரு பூட்டு இருக்கிறது, சாவியும் இருக்கிறது. சித்தப்பாவுடையது, அடியில் ஆணியால் அவன் கீறிய குறி தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்கள், பையில் கனமாக ஏதோ இடித்தது. உள்ளே கையை விடும்போதும் அது அவன் நெஞ்சோடுதான் இருந்திருக்கிறது. பாப்பாவுக்கு அனுப்பு, எனக்கு இனிமே எதுக்கு என்றான். உன் ஃபோர்மேன் பூட்டுக்குப் பக்கத்திலேயே அதைத் தொங்கவிடு, அவர் கோபித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

நல்லா இருடி என் தங்கமே, முழுசா இரு, எங்கள் ஆயுசையும் சேர்த்து இரு. நேரத்துக்குச் சாப்பிடு, சாவியைக் கழுத்திலேயே போட்டுக்கொள், யார் கேட்டாலும் கொடுக்காதே. கிடைத்ததும் பதில் போடு, போன் பண்ணாதே, டைப் அடித்தும் அனுப்பாதே. உன் கையால் எழுது. நான் கையெழுத்தைப் பார்க்கவேண்டும்.

உன்
அப்பா