நத்தாருக்கு ஒருக்கா, பெருநாளுக்கு ஒருக்கா

நானா,

இன்று காலை மலசலகூடக் குழியைத் திறந்தோம். மூடியைக் கிளப்பியதும் வந்த நாற்றத்தில் உங்கள் நினைவு வந்தது. கோபிக்காதீர்கள். போய்ச் சேர்ந்தவர்களை மல்லிகை வாசத்திலும் ஊதுபத்தி வாசத்திலும் நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். எனக்கு நீங்கள் குழி வாசத்தில்தான் வருகிறீர்கள். இத்தனைக்கும் இந்த ஒழுங்கையிலேயே, அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்ட உங்களைப்போலச் சுத்தமான மனிதரை நான் கண்டதில்லை. கொள்ளுப்பிட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கசங்காத வெள்ளைச் சேர்ட், பஸ் ஏறப் போகும்போதும் அத்தர் மணக்கும்.

குழி இறைக்கிற பவுசர் லொறி பின்பக்கமாக ஊர்ந்து வந்து எங்கள் படலையடியில் நின்றது. சாரதி இறங்கி, "ஹரி அக்கே, பட்டங்கன்னங்", சரி அக்கா தொடங்குகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். பள்ளிக்கூட விடுமுறைக்கு மகள் ஷெரினும் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். கூடவே அவளுடைய மாமியாரும் வந்து நிற்கிறார். அந்த மனுஷி வாசலில் நின்று, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"கலியாணத்துக்கும் இதே நாத்தம்தானே. அந்தப் பக்கத்து வீட்டு நானா கவனியாமல் விட்டு எங்கள் எல்லாரையும் மூக்கைப் பொத்த வைச்சவர். இப்ப நீங்கள் பாக்கிறபடியால் ஒழுங்கா நடக்குது."

 பதினொரு வருடமாக உங்கள் தலையில் கிடக்கிற பழி அது. அதை அங்கே கிடக்க விட்டவள் நான். சம்பந்தியம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்களோடு கதைக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போது கதைத்திருக்க வேண்டிய கதை.

நம் இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. யாரோ ஒரு சொந்தக்காரர் நடுவில் மதில் எழுப்பி இரண்டாக விற்றார். கூரையைப் பிரித்தார், முற்றத்தைப் பிரித்தார், குழியை மட்டும் பிரிக்க அவரால் முடியவில்லை. பெரிய வீதியால் போகிற கழிவுக் குழாயும் நம் ஒழுங்கையின் கடைசி வரை வரவில்லை. ஆகவே உங்கள் வீட்டு மலசலகூடமும் எங்கள் வீட்டு மலசலகூடமும் ஒரே குழிக்குள். மூடி எங்கள் முன் முற்றத்தில். தெளிந்த தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிற இரண்டாவது குழி மதிலுக்கு அந்தப் பக்கம், உங்கள் முற்றத்தில். நாங்கள் மாதா கோயிலுக்கு, நீங்கள் பள்ளிவாசலுக்கு. எங்கள் குசினியில் வேகிறது உங்கள் குசினிக்குள் வராது. ஆனால் எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்று.

அந்தக் குழிக்கு நீங்களாகவே காவல்காரர் ஆனீர்கள். நீளமான மூங்கில் கம்பு ஒன்று, அதன் நுனியில் பழைய வெள்ளைச் சாரத் துணி இறுக்கிச் சுற்றியிருக்கும். வருடத்தில் இரண்டு தரம், எங்கள் கிறிஸ்து பிறப்புக்கும் உங்கள் நோன்புப் பெருநாளுக்கும் முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் படலையைத் திறப்பீர்கள். "நத்தாருக்கு ஒருக்கா, பெருநாளுக்கு ஒருக்கா. வீட்டுக்கு ஆக்கள் வந்து நிக்கக்குள்ள கொமட் மானத்த வாங்கப்படா." கம்பை அடிவரை இறக்கி, மெல்ல மேலே எடுத்து, துணியில் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். கண்ணாடி வில்லையைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. அடியில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று அந்தக் கறுப்பு சொல்லுமாம். கூடிவிட்டால் பவுசர் வரும். கூடாவிட்டால் மதிலுக்கு இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பீர்கள்: "பயமில்ல தங்கச்சி, எடம் ஈக்குது!"

எண்ணெய் ஊற்றக்கூடாது, பிள்ளைகளைத் துடைக்கிற ஈரக் கடதாசி போடக்கூடாது, அசிட் பக்கமே போகக்கூடாது. ஒருமுறை நான் அசிட் போத்தல் வாங்கி வந்ததைக் கண்டுவிட்டு, "தங்கச்சி, உள்ளுக்கு வேல செய்ற பூச்சியெல்லாம் மௌத்தாப் போயிடும். சம்பளம் கேக்காம எங்களுக்கு உழைக்கிற சாமான் அதுகள் மட்டும்தான்" என்றீர்கள். நான் சிரித்தேன். போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஷெரினுக்குக் கலியாணம் சரிவந்தது. கொட்டாஞ்சேனையில் பெண்ணைப் பெற்றவளுக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. பெயின்ற் அடிக்க வேண்டும், யன்னல் சீலை மாற்ற வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் கால் வைக்கிற முற்றத்துக்கு டைல் போட வேண்டும். பால் நிறத்தில் டைல் எடுத்தேன். நடுவில் அந்தக் கறுத்த சிலாப் மூடி, முகத்தில் மரு மாதிரி. மேசனிடம் சொன்னேன், அதற்கு மேலேயே பதித்துவிடுங்கள் என்று. மனிதர் இரண்டு தரம் கேட்டார். நான் இரண்டு தரமும் ஓம் என்றேன்.

நத்தாருக்கு முந்திய கிழமை கம்போடு வந்தீர்கள். படலையைத் திறந்து, டைலைக் கண்டு, அப்படியே நின்றீர்கள். கம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீங்கள் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

"தங்கச்சி, மூடிய மூடிட்டீங்களே. குழிக்கு ஒரு வாய் ஈக்கோணும். இப்பயே அந்த நாலு டைலையும் கழட்டி, கைபிடி வெச்ச மூடியாச் செஞ்சிடுவோம். நான் ஆள் புடிச்சித் தாறன்."

நான் என்ன சொன்னேன்? மறந்திருக்க மாட்டீர்கள். "நானா, உங்களுக்குக் கதைக்க வேற விஷயமே இல்லையா? விடிஞ்சால் பொழுதுபட்டால் கக்கூஸ் கதை. இது கலியாண வீடு. எங்கட குழியை நாங்கள் பாப்பம்."

எங்கட குழி! உங்கள் வீட்டு ஏழு பேரும் பாவிக்கிற குழியை எங்கட குழி என்றேன். "சரி தங்கச்சி" என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். கம்பு நுனியில் துணி வெள்ளையாகவே இருந்தது.

தை மாதம் கலியாணம். கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த சொந்தத்தோடு வீட்டில் பதினான்கு பேர். வெளியே விடாத மழை. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, வியாழக்கிழமை காலை, கொமட்டில் தண்ணீர் இறங்க மறுத்தது. பத்து மணிக்கு அது மேலே வரத் தொடங்கியது. பதினொரு மணிக்குப் பால் நிற டைல்களின் இடுக்கால் கசிந்தது. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலை கொண்டு வருகிறார்கள்.  மதிலுக்கு மேலால் உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் அன்ரன்தான் ஓடிப்போய் உங்கள் படலையைத் தட்டினார்.

கதவுக்குப் பின்னால் ஆயத்தமாக வைத்திருந்த மாதிரி கம்போடு வந்தீர்கள். நான் அப்பவே சொன்னேனே என்று முகத்தில்கூடக் காட்டவில்லை. கம்பின் அடியால் டைலைத் தட்டித் தட்டிப் போய், சத்தம் மாறின இடத்தில் நின்று, "இதுதான்" என்றீர்கள். அன்ரன் அலவாங்கால் உடைத்தார். உங்களுக்குத் தெரிந்த பவுசர்காரரை எப்படியோ கெஞ்சி மத்தியானத்துக்குள் வரவழைத்தீர்கள்.

ஆனால் அடியில் சேறு இறுகிப் போயிருந்தது. குழாய் தண்ணீரைமட்டும் இழுத்துவிட்டு அடைத்துக்கொண்டது. பவுசரோடு வந்த வயதான மனிதர் சேர்ட்டைக் கழற்றி, ஒரு காலை உள்ளே வைத்தார். நீங்கள் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தீர்கள். "பஹின்ன எபா அய்யே! இறங்க வேணாம்!"

அப்போது நான் சொன்னதை இன்று எழுதவே கூசுகிறது. "நானா, அவர் பழகின ஆள்தானே, இறங்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் வரப்போயினம்."

அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாத நீங்கள் திரும்பினீர்கள். "தங்கச்சி, இதுக்குள்ள ஈக்கிறது காத்தில்ல, நஞ்சு. எறங்கின மனிசன் ஏறி வரமாட்டார். ஒங்கட மகள்ட கலியாணத்துக்கு ஒரு மௌத்து வேணுமா?"

அந்த மனிதர் காலை வெளியே எடுத்தார். மேலே நின்றபடியே தண்ணீர் ஊற்றி, உங்கள் கம்பால் கலக்கி, கொஞ்சம் இழுத்து, திரும்ப ஊற்றி, திரும்பக் கலக்கி, இரண்டு மணித்தியாலம் போனது. நீங்கள் வேலைக்குப் போகிற வெள்ளைச் சேர்ட் அது. அதில் தெறித்ததை நான் சொல்லவேண்டுமா? இடையில் உங்கள் வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. பவுசர் மனிதர்களுக்கும் அன்ரனுக்கும் ஒரே மாதிரி, பூப்போட்ட நல்ல கோப்பையில்.

வேலை முடிய முந்தியே வான் வந்து நின்றது. சம்பந்தியம்மா கூறைச்சேலைத் தட்டோடு இறங்கினார். ஒழுங்கை நிறைய பவுசர், முற்றம் நிறைய உடைந்த டைல், நாற்றம் சொல்லத் தேவையில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன். பூமி பிளந்துதான் கிடந்தது, பிரச்சினையே அதுதான். "என்ன இது?" என்று அவர் கேட்டார்.  நீங்கள் முன்னால் போனீர்கள், அழுக்குக் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

"மன்னிச்சிக்கொள்ளுங்க. நாங்க பக்கத்து வீடு. இது எங்கட பிழை, நான்தான் குழியக் கவனிக்காம உட்டுட்டேன். இந்த வீட்டாக்கள் பாவம். எங்களால ஒங்களுக்கும் கரச்சல்."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதோ, "பரவாயில்லை நானா" என்பது. பரவாயில்லையாம்! உங்களை மன்னித்துவிட்டவள் மாதிரி. சம்பந்தியாரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

பிறகு உங்களுக்குக் கலியாணக் கேக் அனுப்பினேன். அன்ரன் கைபிடி வைத்த மூடி போட்டார். அடுத்த பெருநாளுக்கு முன்னால் புதுத் துணி சுற்றிய கம்போடு நீங்கள் படலையைத் திறந்தீர்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. "பயமில்ல தங்கச்சி, எடம் ஈக்குது!" மன்னிப்புக் கேட்கிற வேலை இல்லாமல் போனதே என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவ்வளவுதான் நானா, நான்.

போன வருடம் உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த பிறகு, ஒரு நாள் உங்கள் மனைவியோடு இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏதோ பகிடி போலச் சொன்னார்: "எங்கட பாத்ரூம் பள்ளத்திலதானே. ஒங்களுக்கு வர அஞ்சு நாளைக்கு முந்தியே எங்களுக்கு மேல வந்திட்டுது. இவர் என்ட வாயப் பொத்திட்டார். கலியாண வீடு, மூடிக்கு மேல டைல் வேற ஈக்குது, ஒண்டும் செல்ல வாணாம் எண்டு. நானும் மருமகளும் மட்டக்குளியில மகள்ட வீட்டுக்கு பஸ்ஸில போய்ப் போய் வந்தோம். இவர் பள்ளியில."

ஐந்து நாள்! மழைக்குள், பஸ்ஸில், இரண்டு பெண்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

இதையெல்லாம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் இன்று காலை சம்பந்தியம்மா அந்த வசனத்தைச் சொன்னார். பவுசர் உறுமிக்கொண்டிருந்ததால் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அது அவரில்லை! நான்தான்! மூடிக்கு மேல டைல் பதிச்சது நான். வேண்டாமெண்டு சொன்ன மனுஷனை ஏசி அனுப்பினதும் நான். என்ர மானத்தைக் காப்பாத்தத்தான் அவர் பழியைத் தன்ர தலையில போட்டவர்." பேரப்பிள்ளைகள், ஷெரின், சாரதி, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சம்பந்தியம்மா லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார். "எத்தனை நத்தாருக்கு இந்த வாசலால வந்து போனன். ஒவ்வொருக்காலும் அந்த மனுஷன் மதிலுக்கு மேலால, சுகமா எண்டு கேப்பார். நான் தலையை ஆட்டிப்போட்டு உள்ளுக்குப் போயிடுவன். ஏன் நீங்கள் முந்தியே சொல்லேல்ல?"

"வெக்கம்" என்றேன்.  அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கோ" என்று எனக்கு முன்னால் நடந்தார். உங்கள் வீட்டு வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்: "அல்லாவே, இதுக்கா வந்தீங்க? நானும் அண்டைக்கு இவர்ட கேட்டேன், ஏன் பழிய எடுத்தீங்க எண்டு. அதுக்கு இவர், பழி தலையில ஈந்தா என்ன, மறைக்கத் தொப்பி ஈக்குதுதானே எண்டார்." மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது மூன்று பேருக்கும் கண் நனைந்திருந்தது.

மன்னித்துக்கொள்ளுங்கள், நானா. உங்களுக்கு நான் சொல்லாத நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கம்பை மட்டும் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய துணியை அவிழ்த்துவிட்டு, உங்கள் சாரம் ஒன்றிலிருந்து அக்கா கிழித்துத் தந்த துண்டைச் சுற்றினேன்.

பவுசர் போனதும் கம்பை இறக்கிப் பார்த்தேன். இறைத்த குழிக்குக் கம்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்களும் பவுசர் போன பிறகு ஒருதரம் போட்டுப் பார்க்கிறவர்தானே. துணி நுனியில் நான்கு விரல் கறுப்பு, அவ்வளவுதான். மதிலடிக்குப் போய், இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தேன்.

"பயமில்லை அக்கா, இடம் இருக்கு!"

அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"சரி தங்கச்சி."