மங்கலாகப் பார்க்கச் சொன்ன மகளுக்கு

அன்பு மகள் ஹுமைராவுக்கு, அம்மா சைனம்பு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் மாமல்லபுரத்தில் எல்லாரும் சுகம். அந்த ஸ்பெயின் தீவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர உன் அத்தாவின் முட்டியில் கட்டுப் போட்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இதை அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எப்படியும் படிக்க முடியாது என்ற தைரியம். மளிகைச் சாமான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பூண்டு எழுதினியா என்று இப்போதுகூடக் கேட்டார். உன் தம்பி நௌஷாத் சிறுசேரி ஆபீசுக்குக் கிளம்பும்போது இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவான்.

வினையெல்லாம் உன்னால் வந்ததுதான். வால் நட்சத்திரம் வருகிறது, எந்த இடத்தில் தெரிகிறது, எவ்வளவு வெளிச்சம் என்று தினமும் பார்த்துச் சொல்லுங்கள் அத்தா, நாங்கள் அதன் பாதையைக் கணக்குப் போடுகிறோம், வெறும் கண்ணால் பார்ப்பவர்கள் சொல்வதும் எங்களுக்கு வேண்டும் என்று நீ சொன்னாலும் சொன்னாய், மனிதர் மெத்தைக் கடையை மறந்துவிட்டார். லாட்ஜுக்குத் தலையணை கேட்டு வந்தவரை நிறுத்தி வைத்து, மெத்தை தைக்கிற ஊசியில் நூலைக் கோத்து, சூரியன் என்று ஒரு பஞ்சு உருண்டையை வைத்து, இதோ இப்படி வந்து, இப்படி வளைந்து, இப்படியே போய்விடும் என்று பாடம் எடுக்கிறார். வந்தவர் பாடத்தை முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்த கடையில் தலையணை வாங்கிக்கொண்டு போனார். நட்சத்திரம் இருக்கும் இடத்தை உனக்குச் சொல்கிறாரே, கோதண்டராமன் சிற்பப் பட்டறைத் தென்னைக்கு நாலு விரல் மேலே என்று, அந்தத் தென்னை ஸ்பெயின்காரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என் பொண்ணு, அவளுக்குத் தெரியும் என்றார். வெளிச்சத்துக்கு நீங்கள் போடும் நம்பர் இன்னும் கூத்து. நம்பர் குறையக் குறைய வெளிச்சம் அதிகமாம். மார்க் குறைந்தவன்தான் கெட்டிக்காரன் என்கிற பள்ளிக்கூடத்தில் நீ இத்தனை வருஷம் படித்திருக்கிறாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நம்ம ஜமாஅத்தில் பிறை பார்க்கிற விஷயத்தில் உன் அத்தாவுக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும். ஜலாலுதீன் பாய் பார்த்துவிட்டாரா என்று கேட்காமல் இங்கே பெருநாள் அறிவித்ததில்லை. அதே சட்டத்தை இதற்கும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு சாட்சி ஒத்துச் சொன்னால்தான் நம்பர் உனக்கு வரும். ஒரு சாட்சி, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி நம் தெருவுக்குக் குடிவந்திருக்கும் பார்த்தசாரதி சார். இன்னொரு சாட்சி, வேறு யார், அடுப்பில் கறி ஆணத்தை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுகிற நான்தான். மக்ரிப் தொழுதுவிட்டு மூன்று பேரும் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நிற்கிறோம். பார்த்தசாரதி சார் ஒரு நம்பர் சொல்வார், நான் ஒன்று சொல்வேன், அத்தா எங்கள் இருவரையும் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்வார். அவர் என்ன பார்த்தார் என்று மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். ஐப்பசி மேகம் மூடிய நாளில் உனக்கு வந்த நம்பர், உண்மையைச் சொல்கிறேன், நேற்றுப் போலத்தான் இருக்கும் என்று நான் குத்துமதிப்பாகச் சொன்னது. அதை உங்கள் கம்ப்யூட்டரில் இருந்து அழித்துவிடு.

அவர் கண் விஷயம் உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கும் நௌஷாத்துக்கும் உத்தரவு. இரண்டு கண்ணிலும் புரை. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தபிறகு சில வாரம் காற்றிலும் தூசியிலும் நிற்கக்கூடாது என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார். நாள் குறித்து, குறித்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். கேட்டால் உன் வார்த்தையைத்தான் எடுத்து நீட்டுகிறார். வால் நட்சத்திரம் புகை போலக் கலங்கித் தெரியும், மற்ற நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும், இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் மற்றதையும் மங்கலாக்கிப் பார்க்கணும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று நீ சொன்னாயாமே. என் பொண்ணே மங்கலாத்தான் பாக்கச் சொல்றா, மத்தவங்க கஷ்டப்பட்டு மங்கலாக்கணும், எனக்கு அல்லாஹ்வே ஆக்கிக் குடுத்துட்டான் என்று அந்த டாக்டரிடமே சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இப்படிப்பட்ட கண்ணோடு டிவிஎஸ்ஸில் போனால் என்ன ஆகும். போன வாரம் கோதண்டராமன் பட்டறை வாசலில் நிற்கிற கருங்கல் யானை மீது கொண்டுபோய் மோதிவிட்டார். வண்டி முகப்பு நொறுங்கிவிட்டது, முட்டி பெயர்ந்துவிட்டது, நல்லவேளை அதோடு போயிற்று. கோதண்டராமன்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். இன்னா பாய், ஒரு மாசமா அங்கயேதான் நின்னுகினு கீது, யானைகூடவா தெரில, நாளைக்கு ஈசிஆர்ல பஸ்சு வரும் பாய், அது நிக்காது என்றார். உன் அத்தா, யானைக்கு ஒண்ணும் ஆகலையே என்று விசாரித்துவிட்டு, சாயங்காலம் நொண்டிக்கொண்டே மாடி ஏறினார்.

நேற்று பிறை பார்க்கிற நாள். பள்ளிவாசல் மாடியில் நடந்ததை நௌஷாத் வந்து சொன்னான். மேகம் விலகி, சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் பிறையைப் பார்த்துவிட்டார்கள். ஹஜ்ரத் வழக்கம்போல முதலில் உன் அத்தாவிடம், பார்த்தீர்களா பாய் என்று கேட்டாராம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள். நான் பாக்கல ஹஜ்ரத், என் கண்ணுக்குத் தெரியல, இவங்க பாத்ததை எழுதிக்குங்க என்றாராம். கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்குப் போனார். பின்னாலேயே போனேன். வால் நட்சத்திரம் இருந்த இடத்தில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை, இனி பைனாகுலர் இல்லாமல் தெரியாது என்று பார்த்தசாரதி சார் முன்தினமே சொல்லிவிட்டார்.

ஏங்க, உங்களுக்கு அது ஒருநாளாவது தெரிந்ததா என்று கேட்டேன். முதல்ல இருந்தே தெரியல சைனம்பு என்றார். அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து, எதுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு யானையில் போய் மோதுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். தென்னை இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார், முன்னல்லாம் வாரத்துக்கு ஒரு போனு, அதுவும் உங்கிட்டதான் பேசுவா, அத்தா நல்லாகீறீங்களான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிடுவா, இது வந்ததுல இருந்து தினம் எங்கிட்டயே பேசுறா, இது போயிட்டா அவ என்னை இன்னாத்துக்குக் கூப்புடப் போறா என்று. கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டி வந்தேன்.

ஆபரேஷனுக்கு வருகிற திங்கட்கிழமை மறுபடியும் நாள் வாங்கியிருக்கிறேன். நான் சொன்னால் நடக்காது, டாக்டர் சொன்னாலும் நடக்காது. நீ கோபிக்காதே, கண்ணைப் பற்றித் தெரியும் என்று காட்டிக்கொண்டு அழாதே. குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, பட்டினி கிடந்து கணக்குப் போடாதே. உன் ஈமானையும் உடம்பையும் அல்லாஹ் காப்பாற்றட்டும், உன் கை தொட்ட காரியத்தில் பரக்கத் தரட்டும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. திங்கட்கிழமைக்குள் அவர் நம்பருக்கே கூப்பிடு. எந்தத் திசை, எவ்வளவு வெளிச்சம் என்று ஒன்றும் கேட்காதே. சாப்பிட்டீர்களா, கடையில் இன்று யாரோடு சண்டை என்று கேள். மறுநாளும் கூப்பிட்டு அதையே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சைனம்பு ஜலாலுதீன்