நாலேகால் மணி வெயில்

ஞாயிறு, மாலை

என் அன்பிற்குரியவளுக்கு,

நலம். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். நீயும் உன் தங்கையும் சுகம்தானே? இருமல் நின்றதா? இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவாவது சரியாக வருமா, தெரியவில்லை.

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று வாடிவிட்டது.

தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "மூணு நாளா காய்ச்சல்ல கிடந்தேன். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தீங்க. ஊரையே படம் போட்ட மனுஷனுக்கு வீட்டுல யார் இருக்கான்னு தெரியல."

முப்பத்தாறு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவனுக்கு வேறென்ன தெரியும்? அளவு நாடாவை எடுத்து நம் வீட்டை அளக்கத் தொடங்கினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, "என்ன சார், அம்மா இல்லாத நேரமா பாத்து வீட்டை விக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். நான் பயந்துபோய் நாடாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நீ போய் இன்றோடு பதினோரு நாள். கதவுப் பிடியில் உன் கை படும் இடம் மட்டும் பளபளக்கிறது. அடுப்பின் முன்னால் நீ நிற்கும் இரண்டு தரைக்கற்கள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் நானும் நின்று, தலையைத் திருப்பினேன். என் வரைபட அலமாரிதான் தெரிந்தது. அதன் பின்னால் சன்னல் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது அலமாரியை அங்கே வைத்தவன் நான்தான். "கொஞ்சம் தள்ளி வைங்களேன்" என்று நீ சொன்னாய். ஒரு தடவையா, பல தடவையா? அது ஞாபகமில்லை.

நேற்று நானாகவே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவும் அவர் கணவரும் கைகொடுக்க, அலமாரியை நகர்த்திவிட்டோம்.

நாலேகாலுக்கு வெயில் உள்ளே வந்தது. முதலில் சன்னலடியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு தரையோடு தரையாக நகர்ந்து, அந்த இரண்டு கற்களின் மேல் வந்து நின்றது. பதினேழு நிமிடம் அங்கேயே இருந்தது, யாருக்கோ இடம் பிடித்து வைத்தாற்போல. வீடே தண்ணீருக்குள் மெல்ல மிதப்பதாகத் தோன்றியது. நான் மிதிக்காமல் ஓரமாக நின்றேன்.

நீ புழங்கும் இடங்களைக் குறித்து நான் வரைந்த நம் வீட்டு வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கண்ணில் படாதவை இன்னும் நிறைய இருக்கும். எழுதி அனுப்பினாலும் போதும். ஆனால் சில பிழைகளை நேரில் நின்றுதான் காட்ட முடியும்.

அடுத்த மாதம் வெயில் தடம் மாறிவிடும். அதனால்தான் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அடுப்படியில் நின்று எழுதும்,
உன் வீட்டுக்காரன்