காய்க்காத மூன்று கொடிகள்

என் செல்லத் தம்பி,

நீ உண்டாக்கிய புதுக் கத்தரி அரியாலையின் உவர்த்தண்ணீரிலும் காய்க்கிறது. எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில் குவித்து வைத்திருந்தார்கள். "இது என்ரை தம்பி உண்டாக்கினது" என்றேன். வியாபாரி சிரித்தான். "கத்தரிக்காயை ஆரும் உண்டாக்கிறதே ஐயா? அது தன்ரை பாட்டிலை காய்க்குது." உன் ஆயுள் முழுவதற்கும் ஊர் தந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் என்னை எழுத வைத்தது உன் காட்டுப்பாகல்.

வன்னிக் காட்டில் கிடந்ததைக் கசப்புக் குறைத்து, வீட்டுப் பந்தலில் ஏற்ற இருபது வருடம் பாடுபட்டாய். தேறிய பதினைந்து கொடிகளை என் வீட்டு வளவில் நட்டாய். போன மாரிமழைக்கு மூன்று மட்டும் காய்க்கவில்லை.

"அண்ணை, உது மூண்டும் ஆண்கொடி. உதுகள் இல்லாட்டி மற்றதுகளும் காய்க்காது."

"எனக்குப் பாகல் படிப்பிக்க வந்திட்டார் டொக்டர்! ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியிலைதான்ரா பூக்கும்."

"உங்கடை வீட்டுப்பாகலுக்கு அது சரி அண்ணை" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கண்ணை மூடியபின் இந்த மாரிமழை பிந்தியது. காய்க்காத கொடிக்குத் தண்ணீர் இறைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மூன்றையும் வேர்க்கிழங்கோடு கிண்டி எடுத்து எரித்தேன்.

இப்போது பன்னிரண்டு கொடியும் பூத்து நிற்கின்றன. பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. ஒன்றுகூடத் தங்கவில்லை.

உன்னிடம் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து போன் எடுத்து, ஆண்கொடிகள் எப்படி என்று கேட்டாள். "கறையான் திண்டிட்டுது பிள்ளை" என்றேன்.

அழுதாள். "காட்டிலை வேறை ஆண்கொடி எடுக்கலாம் ஐயா, காய் வரும். ஆனா அதின்ரை விதையிலை கசப்புத் திரும்பும். எங்கடை சேரின்ரை வேலையைத் திரும்ப முதலிலை இருந்து துவங்கோணும். அந்த ஆண்கொடியிலை ஒரு கிழங்கு எடுத்து வைக்காதது என்ரை பிழை."

அவளுடைய பிழையாம். நான் போனை வைத்துவிட்டேன்.

ஏன் தம்பி, எல்லாவற்றையும் என் வளவிலேயே வைத்தாய்? ஒருநாளாவது உன் சொல்லைக் கேட்பேன் என்று நினைத்தாயா?

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வெள்ளிக்கிழமை அவள் வருகிறாள். பிடுங்கியது நான்தான் என்று முகத்துக்கு நேரே சொல்வேன். பிறகு அவளோடு வன்னிக்குப் போய், ஆண்கொடி என்று அவள் காட்டுவதை மறுபேச்சில்லாமல் சுமந்து வருவேன். இன்னும் இருபது வருடம் நான் இருக்கமாட்டேன். ஆனாலும் தண்ணீர் ஊற்றுவேன்.

உன் சொல் கேளாத,
அண்ணை