பாடு இல்லாத சாட்சி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உன் சுகமும் மருமகள், பேத்தி சுகமும் அறிய ஆசை. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால், நீ லீவில் வந்திருந்தபோது அந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்தான். புதிதாக வந்த போதகர், ஒரு வசனத்துக்கு ஒரு மூச்சு விடுவதால் நாம் பெருமூச்சு என்றே கூப்பிடும் சபை மூப்பர், பித்தப்பைக் கல்லிலிருந்து ஆண்டவர் தன்னைக் காப்பாற்றியதைப் பதினோரு வருடமாகச் சாட்சி சொல்லும் தையல்காரி, கஞ்சி போட்ட சட்டையில் உன் மாமனார், நீ, நான், உன் சித்தி. மருமகளும் பேத்தியும் வீட்டில் தூங்கிவிட்டார்கள், தப்பித்தார்கள். மற்ற யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. சித்திக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்காது. முதலில் தையல்காரி எழுந்தாள். அந்தக் கல் முதல் வருடம் கடுகளவு இருந்தது, இப்போது எலுமிச்சம்பழம் அளவு, அறுத்து எறிந்த கல் எப்படி வளர்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் ஆமென் போட்டார்கள். அப்புறம் சித்தி. சைக்கிள் கடையிலிருந்து நேராக வந்தவள், நகக்கண் எல்லாம் கறுப்பு. "இந்த வாரம் முப்பத்திரண்டு பஞ்சர் ஒட்டினேன். டியூபைத் தண்ணியில அமுக்கினதும் குமிழி வருது பாருங்க, ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்துடுது. நேத்து ஒரு சைக்கிளைச் சரி பண்ணிட்டு ஆஸ்பத்திரி இறக்கத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டிப் பார்த்தேன். ஆண்டவர் பின்னாடி கேரியர்ல உட்கார்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. ஸ்தோத்திரம்" என்றாள். ஓர் ஆமென் இல்லை. போதகர், "சகோதரி, பாடு, கஷ்டம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார். "இல்லையே பாஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் இவள். "சாட்சின்னா ஒரு பாடு இருக்கணும், அதுலேருந்து ஒரு விடுதலை இருக்கணும்" என்றார் அவர், விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பித் தரும் குமாஸ்தா மாதிரி. நம் பெருமூச்சு மூப்பரும் தன் பங்குக்கு ஒரு மூச்சை விட்டுவிட்டு, "இது மாம்சத்தின் சந்தோஷம்" என்றார். கல்யாணப் பந்தியில் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு மாம்சத்தைப் பற்றித் தெரியாதா என்ன. உன் மாமனார் தொண்டையைச் செருமினார். அந்த ஒரு செருமலுக்கு நீ சித்தியின் கையைப் பிடித்து இழுத்து, "போதும் சித்தி, உட்காருங்க, மானம் போகுது" என்றாய். உட்கார்ந்துவிட்டாள்.

பாடு இல்லாதவளா அவள்? சித்தப்பாவை அடக்கம் பண்ணிய ஒன்பதாம் நாள் அவருடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கடையைத் திறந்தவள். இன்னும் கொஞ்ச நாள் இருந்து அழுதுவிட்டுப் போயேண்டி என்றேன். "கண்ணுல தண்ணி நின்னா தொட்டியில குமிழி தெரியாதுக்கா" என்றாள். அந்தச் சிரிப்பை அவள் எங்கே போய் மீட்டுக்கொண்டு வந்தாள் என்பது ஆண்டவருக்குத் தெரியும், எனக்குப் பாதி தெரியும். இவர்கள் அதற்குப் பாடு இல்லை என்று பெயர் வைக்கிறார்கள். சைக்கிளைச் செய்தவனுக்கு அது ஓடினால் மகிமையா, சுவரில் சாய்ந்து துருப்பிடித்தால் மகிமையா? அழுமூஞ்சிகளை மட்டும் பார்ப்பதற்கா ஆண்டவர் ஆறு நாள் உட்கார்ந்து உலகத்தைப் படைத்தார்?

இப்போது அவள் இறக்கத்தில் ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு போகிறாள். கடையில் பாட்டு இல்லை. பால்காரர், "சைக்கிள் சரியாயிடுச்சுக்கா, நீங்கதான் காத்து இறங்கிக் கிடக்கிறீங்க" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் வந்து நின்றுகொண்டு மெதுவாகக் கேட்கிறாள், "அக்கா, என் வீட்டுக்காரர் செத்ததை எழுந்து சொன்னா சாட்சின்னு ஒத்துக்குவாங்களா?" என் கையிலிருந்த கரண்டியைப் போட்டேன். இத்தனை வருடம் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒன்றை, தையல்காரியின் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறாள், பெருமூச்சு அதைத் தூக்கிப் பார்த்து எடை சொல்ல. வருகிற மாதம் முதல் ஞாயிறு கூட்டம். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நான் அக்கா என்பதால் அவளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடி ஓடி உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், நீ சொன்னால்தான் கேட்பாள். அதற்குள் அவளிடம் பேசு. எனக்குப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. மன்னிப்பு அது இதென்று இழுக்காதே, அவளுக்கு அழுகை வரும். அந்த இறக்கத்தில் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேள்.

போதகரை மன்னித்துவிட்டேன், சின்ன வயது, புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறார். பெருமூச்சுக்கு நெஞ்சில் கோளாறாக இருக்கும். தையல்காரிக்கு அந்தக் கல்லை விட்டால் வேறு சொத்து இல்லை. உன் மாமனார் அந்தச் சட்டையோடு சிரித்தால் சட்டை உடைந்துவிடும், பாவம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி ஆண்டவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

மருமகளுக்கு என் அன்பு. பேத்தியின் தலைமேல் கை வைத்து என் பேரில் ஒரு ஜெபம் பண்ணு, ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பார், உனக்காகவும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பல்லைக் கவனி, வலி வந்தபின் ஓடாதே. முதல் ஞாயிறு, மறக்காதே. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான், சித்தியின் கையைப் பிடித்து இழுத்த என் மகன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா